மெயின் ரோட்டுச் சேதி

கோவில்பட்டி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மெயின் ரோட்டில் நமக்குத் தெரிந்த கடை ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. ஆனால் நீ நினைக்கிற கடைகள் இல்லை.

நாம் படிக்கும்போது புதுசாக வந்து ஊரையே வாய் பிளக்க வைத்தவைதான் முதலில் போய்ச் சேர்ந்தன. எஸ்.டி.டி. பூத், கேசட் கடை, அப்புறம் பிரவுசிங் சென்டர். ராத்திரி பதினொன்றுக்கு மேல் பேசினால் கால்வாசி ரேட்டுதான் என்று பூத் வாசலில் காத்துக் கிடந்தோமே, அங்கே ரீசார்ஜ் கடை வந்தது. ரீசார்ஜை அவரவர் போனிலேயே போட ஆரம்பித்ததும், இப்போது போன் கவர் விற்கிறார்கள். பிரவுசிங் சென்டர்காரர் கெட்டிக்காரர். ஆதார், பட்டா, பரீட்சை விண்ணப்பம், ஜெராக்ஸ் என்று மாறிக்கொண்டார்.

இழுத்து மூடிவிடுவார்கள் என்று நீ பந்தயம் கட்டிய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஜம்மென்று நடக்கிறது. குரூப் 4-இல் தட்டச்சர் வேலைக்குச் சான்றிதழ் கேட்கும்வரை அதற்குச் சாவில்லை. விடிந்ததும் மாடிப்படி முழுக்கச் செருப்புதான்.

நம் ஊர் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரியும். இப்போது பெட்டியெல்லாம் பளபளக்கிறது, கூரியரில் எங்கெங்கோ போகிறது. உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் மடித்துச் சும்மா தருவார்களே, அதைத்தான் காணோம். எல்லாம் பாக்கெட்.

நம் ஊர்ப் பிழைப்பான தீப்பெட்டி விஷயத்தில்தான் எனக்கு ஆத்திரம். 14 வருஷமாக 1 ரூபாய்க்கு விற்ற பெட்டி 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. இந்தப் பக்கம் மலிவு லைட்டர் வந்து இறங்கிவிட்டது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023-இல் மத்திய அரசு தடை போட்டது, சரி. ஆனால் நம் ஊர் டீக்கடையிலேயே லைட்டரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தீப்பெட்டி கம்பெனிக் கூலியில் படித்த பிள்ளைகள்தான் அதில் சிகரெட் பற்றவைக்கிறார்கள். யாரைச் சொல்ல?

பங்குனித் திருவிழாவுக்காவது செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கு வந்து சேர். வரும்போது சட்டைத்துணி ஒன்று எடுத்து வா. நம் டெய்லர் அண்ணாச்சி இன்னும் கடை திறக்கிறார். ஆன்லைனில் வாங்கிய பேன்ட்டுக்குக் கால் வெட்டித் தைத்தே அவருக்குப் பொழுது போய்விடுகிறது. முழுச் சட்டைக்கு அளவெடுக்க ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார்.

அன்புடன்,
உன் மாப்ளை