‘வெஸ்ட்’ பனியனா, மேற்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டிஷ் ஆங்கிலம் சுத்தம், அமெரிக்க ஆங்கிலம் கொச்சை என்ற எண்ணம் நம் பள்ளிக்கூடங்களை விட்டு இன்னும் போகவில்லை. கோவை, திருப்பூர்ப் பயிற்சி மையங்களிலோ ‘அமெரிக்கன் ஆக்சென்ட்’ என்ற பலகைக்குத்தான் மவுசு.

கொச்சை என்பது வீண்பேச்சு. இலையுதிர் காலத்துக்கு அமெரிக்கர் சொல்லும் ‘ஃபால்’, இங்கிலாந்திலிருந்தே கப்பலேறிய பழைய சொல். ‘ஆர்கனைஸ்’ என்பதை ‘இசட்’ போட்டு எழுதுவது ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கும் ஏற்புதான்.

ஆக்சென்டுக்குக் கொட்டும் பணமும் வீண். ‘கார்’, ‘டாக்டர்’ என்னும்போது கடைசி ‘ர்’ நம் வாயில் தெளிவாக விழும், அமெரிக்கருக்கும் அப்படியே. அதை விழுங்குவது லண்டன் பேச்சு. நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் வேறு: ‘வி’, ‘டபிள்யூ’ இரண்டுக்கும் ஒரே ‘வ’. ‘வெஸ்ட்’ என்றால் பனியனா, மேற்கா என்று கேட்பவர் விழிப்பார். ‘வி’க்கு மேற்பல் கீழுதட்டை உரச வேண்டும், ‘டபிள்யூ’வுக்குப் பல் படாமல் உதடு குவிய வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகினால் போதும்.

அந்த ‘வெஸ்ட்’டே பிரிட்டனில் பனியன், அமெரிக்காவில் கோட்டுக்குள் போடும் கையில்லாச் சட்டை. ‘பேன்ட்ஸ்’ அமெரிக்கருக்குக் கால்சட்டை, பிரிட்டிஷாருக்கு ஜட்டி. ‘ஜம்பர்’ பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் சட்டைமேல் அணியும் கையில்லா கவுன். பெண்கள் உடையில் பிரிட்டன் அளவு 10 என்பது அமெரிக்காவில் ஏறக்குறைய 6. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் எந்த ஊர் என்று பார்க்காமல், பனியன் கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மெயில் அனுப்பினால் சாம்பிளே மாறிப்போகும்.

இதைவிட மோசம் தேதி. 04/07 பிரிட்டிஷாருக்கு ஜூலை 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 7. நாள் 12-ஐத் தாண்டினால் குட்டு உடைந்துவிடும். அதற்குள் இருந்தால் ஷிப்மென்ட் நெருங்கும்வரை யாருக்கும் உறைக்காது. மாதத்தை எழுத்தில் எழுதுவதே வழி.

‘கலர்’ எழுத்துக்கூட்டலில் ‘யு’ சேர்த்ததும் கம்ப்யூட்டர் சிவப்புக்கோடு போட்டால், சரியாக எழுதிய பிள்ளையும் பயந்து அழித்துவிடுகிறது. அது பிழையல்ல. வேர்டில் ‘ரிவ்யூ’ பகுதியில் ‘லாங்குவேஜ்’ போய் யு.கே. என்று மாற்றினால் கோடு மறையும். வெளிநாடு செல்வோர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்விலும் இரண்டு எழுத்துமுறையும் செல்லும். ஒரே கட்டுரையில் கலக்காமல் இருந்தால் சரி.

பயிற்சி மையங்கள் ஆக்சென்ட் வகுப்பில் ஒரு வாரத்தைக் குறைத்து, இந்தச் சொற்களையும் தேதியையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

— ஆங்கிலப் பயிற்றுநர்கள், அவிநாசி