பயிற்சி கேப்டனாகப் பொறுப்பேற்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த மாதம் முதல் புதிய துணை விமானிகளுக்கு லைன் பயிற்சி (பயணிகளுடன் செல்லும் வழக்கமான பயணங்களிலேயே தரும் பயிற்சி) அளிக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய், மிகுந்த மகிழ்ச்சி. உன் பதிவேட்டில் சேர்ந்திருக்கும் பறப்பு மணிகள் கேப்டன் இருக்கைக்குத் தாராளம். ஆனால், பக்கத்தில் இருப்பவரைப் பறக்கவிட்டு மேற்பார்ப்பதற்கு அவை மட்டும் போதுமா என்பதில் எனக்குச் சில எண்ணங்கள் உண்டு.

1987 நவம்பர் 15 அன்று, டென்வரில் பனி பெய்துகொண்டிருந்தபோது கான்டினென்டல் நிறுவனத்தின் டிசி-9 விமானம் மேலெழும்பிய உடனேயே விழுந்து 28 பேர் இறந்தனர். அதன் கேப்டனுக்கு டிசி-9 கேப்டனாக இருந்த அனுபவம் 33 மணி நேரம்; துணை விமானிக்கு அந்த விமானத்தில் 36 மணி நேரம். இறக்கைகளில் மீண்டும் பனி படிய விட்டதும் காரணம்தான்; ஆயினும் அந்த வானிலையில் டேக்-ஆஃப் செய்தவர் துணை விமானி என்பதை விசாரணை அறிக்கை அழுத்தமாகவே பதிவு செய்திருக்கிறது.

இன்றைய அமெரிக்க விதிப்படி, இருவரில் ஒருவருக்காவது அந்த வகை விமானத்தில் 75 மணி நேர லைன் அனுபவம் வேண்டும். துணை விமானிக்கு 100 மணி நேரம் நிரம்பாதவரை, ஓடுபாதையில் பனி கிடந்தாலோ குறுக்குக்காற்று 15 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்னும் வேக அளவு) வேகத்தைத் தாண்டினாலோ டேக்-ஆஃப், லேண்டிங் இரண்டையும் கேப்டனே செய்ய வேண்டும். ஆனால், கேப்டன் மற்ற விமானிகளின் திறனைச் சோதிக்கத் தகுதி பெற்ற 'செக் பைலட்'டாக இருந்தால் இந்த இரண்டாவது கட்டுப்பாடு பொருந்தாது. அதாவது, அனுபவம் மிகக் குறைந்தவர் அருகில் இருக்கும்போது, எங்கே நிறுத்துவது என்ற முடிவை விதி மேற்பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறது.

அந்த முடிவை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது காட்டுகிறது. ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 விமானத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவருக்கு அந்த வகையில் 45 மணி நேரத்துக்கும் குறைவான அனுபவம்; பயிற்றுநருக்கோ 3,000 மணி நேரத்துக்கு மேல். ஆனால் பயிற்றுநராக அதுவே அவருக்கு முதல் பயணம். 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 நாட் வரை சரிந்தது. 100 அடிக்கும் கீழே வந்த பிறகுதான் மீண்டும் மேலெழ முயன்றார்கள். மூவர் இறந்தனர். நம் தொழிலில் மணிக்கணக்கைப் பெருமையாகச் சொல்பவர்கள் அதிகம். 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய நொடியை அறிவது அந்தக் கணக்கில் சேருவதே இல்லை.

பக்கத்தில் இருப்பவர் திருத்திக்கொள்வார் என்று காத்திருப்பதும் பயிற்சிதான். ஆகவே எந்த உயரம்வரை, எத்தனை நாட் குறையும்வரை காத்திருப்பாய் என்பதைப் பறப்புக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடு. உன் முதல் சில பயணங்களில் மூத்த பயிற்றுநர் ஒருவர் விமானி அறையின் பின்னிருக்கையில் அமர்ந்து உன்னைக் கவனிக்க வேண்டும் என்று பணிப்பட்டியல் வெளியாகும் முன்பே எழுத்துமூலம் கேள். மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா