திரும்பி வரும் மாணவர்களை மதிப்போம்

ஐயா,

வெளிநாட்டுக் கல்வி பற்றிய தங்கள் தலையங்கம், பணமும் திறமையும் வெளியேறுவதை எண்ணிக் கவலைப்படுகிறது. அங்கே ஒரு பருவம் பயின்று திரும்பும் மாணவர்களிடமிருந்து நம் கல்லூரிகள் எதையும் கற்றுக்கொள்ளாததும் அதற்குக் குறையாத இழப்பே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் உடன்பாடு செய்து நடத்தும் 'டுவின்னிங்' (twinning) வகைப் படிப்பில் 30 விழுக்காடு வரையிலான கிரெடிட்டுகளை, அதாவது பாடங்களுக்கான மதிப்பு அலகுகளை, அங்கே ஈட்டப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. அத்தகைய உடன்பாடு இல்லாத கல்லூரி மாணவர்களின் நிலைதான் பரிதாபம். பாளையங்கோட்டையில் என்னிடம் வேதியியல் பயின்ற மாணவி ஒருவர் ஜெர்மனியில் ஒரு பருவம் படித்துத் திரும்பியபோது, பாடத்தலைப்பு பொருந்தவில்லை எனக் கூறி, அங்கே தேர்ச்சி பெற்ற பாடங்களையே மீண்டும் எழுத வைத்தார்கள். தோல்வியுற்ற சோதனைகளைக்கூட அடித்தல் திருத்தமின்றித் தேதியிட்டுப் பதிவுசெய்த ஆய்வக ஏட்டை அவர் கொண்டுவந்திருந்தார். அதை இளைய மாணவர்களுக்கு விளக்க ஒரு வகுப்பு நேரம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதே என் பெரும் வருத்தம்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதன் இணைவுக் கல்லூரிகளும், மாணவர் புறப்படும் முன்பே ஈடாக ஏற்கப்படும் பாடங்களை எழுத்து வடிவில் உறுதிசெய்து, திரும்பியதும் துறையில் அவர் பாடம் நடத்த வாய்ப்பளிக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற பேராசிரியர், பாளையங்கோட்டை