நடுவிலக்கு விதியை நீக்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுவிலக்கு விதியை, அதாவது எந்தக் கூற்றும் ஒன்று உண்மை அல்லது அதன் மறுப்பு உண்மை என்ற விதியைக் கைவிட்டால், கணக் கோட்பாட்டின் ரஸ்ஸல் முரண்பாடு தானே விலகிவிடும் என்று தங்கள் நாளிதழின் கணிதக் கட்டுரை சொல்கிறது. அது பிழை. மாணவர்கள் அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வார்கள் என்பதால் எழுதுகிறோம்.

ரஸ்ஸல் முரண்பாடு இதுதான்: தன்னையே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாம் சேர்ந்த கணம் ர என்க. ர தன் உறுப்பு என்று கொண்டால், வரையறைப்படி அது தன் உறுப்பல்ல; முரண். ஆகவே ர தன் உறுப்பல்ல. அப்படியானால் அதே வரையறைப்படி அது தன் உறுப்பு, மறுபடியும் முரண். நடுவிலக்கு விதி இதில் எங்கே வந்தது? நடுவிலக்கு விதியை ஏற்காத உள்ளுணர்வுவாதத் தர்க்கத்திலும் இந்த நிறுவல் அப்படியே செல்லும். அங்கே நம்மைக் காப்பது 1908-இல் கணிதவியலாளர் செர்மெலோ வைத்த கட்டுப்பாடுதான்: ஏற்கெனவே இருக்கும் கணத்திலிருந்து மட்டுமே உறுப்புகளைப் பிரித்தெடுக்கலாம்.

இன்னொன்று, பலர் சறுக்கும் இடம். விதியை நீக்கிவிட்டு அடித்தள அடிக்கோளை (வெறுமையற்ற ஒவ்வொரு கணத்திலும் அந்தக் கணத்தோடு பொது உறுப்பில்லாத ஓர் உறுப்பு உண்டு என்ற அடிப்படை விதியை) பழையபடி விட்டால், அந்த விதி கொல்லை வழியாகத் திரும்பி வந்துவிடும். ப ஏதேனும் ஒரு கூற்று. 0 என்பது வெற்றுக் கணம். 1 என்பது 0-ஐ மட்டும் கொண்ட கணம். ச என்ற கணத்தில் 1 எப்போதும் உண்டு. ப உண்மையானால் மட்டும் 0-உம் உண்டு. ச-உடன் பொது உறுப்பில்லாத ஓர் உறுப்பு ச-வில் இருக்கிறது என்கிறது அடித்தள அடிக்கோள். அது 0 என்றால் ப உண்மை. 1 என்றால் 0 ச-வில் இல்லை, எனவே ப உண்மையல்ல. 'ப அல்லது ப அல்ல' கிடைத்துவிட்டது! ஆகவேதான் அந்த இடத்தில் கணத் தொகுத்தறிதலை (ஒரு கணத்தின் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பண்பு அந்தக் கணத்துக்கும் பொருந்தும் என்று காட்டினால், அது எல்லாக் கணங்களுக்கும் பொருந்தும் என்பதை) வைக்கிறார்கள். வெறுமையற்ற கணங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் தேர்வு அடிக்கோளிலும் இதே சிக்கல். அதிலிருந்தும் நடுவிலக்கு விதி கிடைத்துவிடும் என்று கணிதவியலாளர் டயகோனெஸ்கு 1975-இல் காட்டினார்.

பண்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணம் வேண்டும் என்பவர்கள் முரண்பாட்டைத் தாங்கும் தர்க்கத்தை, அதாவது ஒரு முரண் வந்தாலும் அதிலிருந்து எல்லாக் கூற்றுகளும் உண்மையாகிவிடாத தர்க்கத்தை நாடுகிறார்கள். அங்கே ர இருக்கலாம். ஆனால் 'தான் தன் உறுப்பானால் எந்தக் கூற்றும் உண்மை' என்ற பண்பில் பிறக்கும், தர்க்கவியலாளர் கர்ரியின் பெயரால் வழங்கும் முரண்பாட்டில் 'அல்ல' என்ற சொல்லே இல்லை. அதைத் தடுக்க, ஓர் எடுகோளை ஒரே நிறுவலில் இருமுறை பயன்படுத்தும் உரிமையை விடுவது ஒரு வழி. மேலே ர-வின் நிறுவலைத் திரும்பப் பாருங்கள்: முதல் படியிலேயே 'ர தன் உறுப்பு' என்ற எடுகோள் இருமுறை வருகிறது; வரையறையைப் பயன்படுத்த ஒருமுறை, முரணைக் காட்ட இன்னொருமுறை.

கட்டுரையின் அந்த வரியை 'கணங்களை அமைக்கும் விதியையோ, எடுகோளை மீண்டும் பயன்படுத்தும் உரிமையையோ கட்டுப்படுத்த வேண்டும்' என்று திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணிதத் தர்க்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள்