மணி ஜாடி

அன்புள்ள வத்சலா,

இங்கே நலம் என்று வழக்கம்போல் எழுத வராது, அதற்குப் பிறகு வருகிறேன். உன் வீட்டுக்காரருக்கு முழங்கால் தேவலையா? சரோஜாவுக்குப் பேரன் பிறந்தது உனக்கும் தெரிந்திருக்கும். உலகம் முழுக்கச் சொன்னவள் உன்னை விட்டிருக்க மாட்டாள். கடைசிக் கடிதம் உன்னுடையது. எட்டு மாதம் ஆகிறது. மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் கயலைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இன்று மூடப்போவதில்லை.

கயல் கல்லூரியிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. விடுமுறைக்கு வரவில்லை. தேர்வு எழுதாமல் ஒரே ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். "படிக்க முடியவில்லை அம்மா, எழுத்து ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது" என்றாள். நான் அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண் டாக்டரிடம், வத்சலா! கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார். நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சமைத்தேன்.

ராத்திரி எந்நேரம் எழுந்து பார்த்தாலும் அவள் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும். பகலெல்லாம் படுத்தே இருப்பாள். ஐந்தாவது வாரம்தான் அந்தப் பின்னலைக் கவனித்தேன். வந்த அன்று போட்டிருந்த அதே பின்னல். நுனியில் முடி சிக்குப்பிடித்துக் கொட்டைப்பாக்கு அளவுக்குத் திரண்டிருந்தது. ரப்பர் வளையம் அதற்குள் புதைந்து, நிறம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வா, எல்லாம் சரியாகிவிடும்."

சொல்லி முடித்ததும் எனக்கு வாயடைத்துப் போயிற்று. இதே வார்த்தைகளை, இதே குரலில், முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். உன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு சொன்னேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

அடுத்த நாள் அவள் துணிகளைத் துவைக்க எடுத்தபோது பைக்குள் ஒரு நாவல் கிடைத்தது. சில்வியா பிளாத் எழுதிய 'தி பெல் ஜார்'. பின் அட்டையைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மனம் நொறுங்கி, சாகத் துணிந்து, மனநல ஆஸ்பத்திரிக்குப் போகிற கதை. எழுதியவரும் முப்பது வயதில் தற்கொலை செய்துகொண்டவர். என் பெண் இருக்கிற நிலையில் இதையா படிக்க வேண்டும்? எடுத்துப்போய் என் பீரோவில் போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அன்று இரவு, ஐந்து வாரமாக ஒரு தாளைத் தொடாதவள், வீட்டையே புரட்டிப்போட்டு அதைத் தேடினாள். "அந்த ஒரு புத்தகத்தைத்தான் அம்மா என்னால் படிக்க முடிகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்" என்றாள். இரண்டு நாளில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து இரண்டு இரவில் நானே படித்து முடித்தேன். நீ படித்திருப்பாயோ என்னவோ. நாம் எதைப் படித்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிற ஆள் நீ. இதில் அது உனக்குப் பயன்படாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதை 1953-இல், உளவு வழக்கில் சிக்கிய ரோசன்பெர்க் தம்பதிக்கு அமெரிக்காவில் மின்சார நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றிய அந்தக் கோடையில் தொடங்குகிறது. ஒரு பெண்கள் பத்திரிகையின் போட்டியில் வென்ற பன்னிரண்டு பெண்களில் ஒருத்தியாக எஸ்தர் கிரீன்வுட் ஒரு மாதம் நியூயார்க்கில் இருக்கிறாள். விருந்தும் புகைப்படமும் பரிசுப் பொருள்களுமாக யார் பார்த்தாலும் பொறாமைப்படுகிற வாழ்க்கை. அவளுக்கு மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. கடைசி இரவில் விடுதியின் மொட்டைமாடிக்கு ஏறி, தன் உடைகளை ஒவ்வொன்றாகக் காற்றில் விட்டுவிடுகிறாள். தோழியிடம் வாங்கிய சட்டையும் பாவாடையுமாக வீட்டுக்கு வருகிறாள். கோடைக்காலத்தில் நடக்கும் எழுத்து வகுப்பில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற செய்தியை அம்மா கார் ஓட்டிக்கொண்டே சொல்கிறாள். அங்கிருந்துதான் சரிவு. மூன்று வாரம் அந்த உடையை மாற்றவில்லை. தலைமுடியையும் அலசவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகளுக்குக் கொம்பு முளைத்து அவை குதிக்கின்றன.

எழுத்து நிற்க மாட்டேன் என்கிறது என்று கயல் சொன்னாளே! அவள் சொன்னதை நான் கண்ணாடிக் கடைச் சங்கதியாக எடுத்துக்கொண்டேன்.

ஏன் தலையை அலசவில்லை என்பதற்கு எஸ்தர் சொல்கிற காரணத்தைப் படித்த இடத்தில்தான் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு அழுதேன். இன்று அலசினால் நாளை மறுபடி அலச வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குக் களைப்பாக இருக்கிறது. வரப்போகிற நாட்கள் வெள்ளை வெளேரென்ற பெட்டிகளாக வரிசையாகத் தெரிகின்றன. ஒரு பெட்டியையும் அடுத்த பெட்டியையும் பிரிக்கிற கறுப்பு நிழல்தான் தூக்கம். அந்த நிழல் இவளுக்கு இல்லாமல் போய்விட்டது. அதனால் நாள் முடிவதே இல்லை, ஒரே வெளிச்சம். இதைச் சோம்பல் என்று யார் சொல்ல முடியும்?

நான் சொன்னேன். சோம்பல் என்று மட்டுமா சொன்னேன்? வத்சலாவுக்குத் திமிர், முதல் மதிப்பெண் போனதைத் தாங்க முடியாமல் நாடகம் ஆடுகிறாள் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். உன் நோட்டுகளைக் கொண்டுவந்து கட்டில்மேல் போட்டுவிட்டு, "இதற்கு மேல் என்னால் முடியாது" என்று படியிறங்கினவள் நான்கு மாதம் உன்னை எட்டிப் பார்க்கவில்லை. நீ திரும்பி வந்தபோது ஒன்றுமே நடக்காததுபோல் என் பக்கத்து இடத்தில் வந்து உட்கார்ந்தாய். அதைப் பற்றி நாம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கெட்டிக்காரத்தனமாக நழுவுவதில் நம் இருவரையும் அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் இதை இப்போது சொல்லாமல் அடுத்த விஷயத்தைக் கேட்க எனக்கு வாய் வராது. நான் செய்தது தப்பு, வத்சலா. என்னை மன்னித்துவிடு.

பள்ளியில் அந்த மணி ஜாடி சோதனை நினைவிருக்கிறதா? கண்ணாடி ஜாடிக்குள் மின்சார மணியைத் தொங்கவிட்டுக் காற்றை உறிஞ்சுவார்களே. முதலில் சத்தம் காதைத் துளைக்கும், பிறகு தேயும், பிறகு ஒன்றும் கேட்காது. ஆனால் சுத்தி விடாமல் அடித்துக்கொண்டே இருப்பது கண்ணுக்குத் தெரியும். நீதான் கையை உயர்த்தி, "உள்ளே இருக்கிறவருக்குக் கேட்குமா, சார்?" என்றாய். வகுப்பே சிரித்தது. நாவலின் தலைப்பு அந்த ஜாடிதான். எந்த ஊரில் எந்தக் கப்பலில் இருந்தாலும் தான் அந்த ஜாடிக்கு அடியில், தன் மூச்சே புளித்துப்போன காற்றில்தான் உட்கார்ந்திருப்பேன் என்கிறாள் எஸ்தர். அவளுக்கு உள்ளே மூச்சு முட்டுகிறது. வெளியே நிற்கிற எனக்கோ சுத்தி அடிப்பது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. ஐந்து வாரமாக என் வீட்டில் நடப்பது அதுதான்.

இந்த நாவலை எல்லாரும் எஸ்தராக இருந்து படிப்பார்களாம். நான் அவள் அம்மாவாக இருந்து படித்தேன், வேறு வழி இல்லை. கணவனை இழந்தவள், சுருக்கெழுத்தும் தட்டச்சும் சொல்லிக்கொடுத்துக் குழந்தைகளை வளர்த்தவள், பெண்ணும் சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்புகிறவள். கெட்டவளே இல்லை. முதல் டாக்டரிடம் இனிப் போகமாட்டேன் என்று எஸ்தர் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்கிறது. தன் பெண் அந்த ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் போன்றவள் இல்லை, மறுபடி நன்றாக இருப்பது என்று முடிவெடுத்துவிட்டாள் என்று பூரித்துப்போகிறாள். முடிவெடுப்பது! கால் உடைந்தவளிடம் நடப்பதாக முடிவெடு என்று சொல்வோமா? அந்தப் பக்கத்தில் நான் என்னையே பார்த்தேன். பிளாத்தின் நிஜ அம்மா ஆரேலியாவும் சுருக்கெழுத்து ஆசிரியைதான். நாவல் 1963 ஜனவரி 14 அன்று லண்டனில் விக்டோரியா லூகாஸ் என்ற புனைபெயரில் வந்தது. அமெரிக்காவில் அது வெளிவருவதை அந்த அம்மா விரும்பவில்லை. 1971-இல்தான் அங்கே அச்சானது. பிறகு 1975-இல், மகள் தனக்கு எழுதிய கடிதங்களை அவரே தொகுத்து வெளியிட்டார். என் பெண் என்னிடம் இப்படியும் பேசியிருக்கிறாள் பாருங்கள் என்று உலகத்திடம் காட்ட வேண்டிய நிலை ஒரு தாய்க்கு. எனக்கு அந்த அம்மாளை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று நினைக்காதே. ஆஸ்பத்திரியில் சாப்பாடு பரிமாறும் கறுப்பினப் பணியாளரை எஸ்தர் நடத்துகிற விதம் அசிங்கமாக இருந்தது. அவள் நோயைக் காட்டி அதை நியாயப்படுத்த நான் தயாராக இல்லை.

இரண்டாம் நாள் இரவு, ஒரு மணி இருக்கும், கயல் தண்ணீர் குடிக்க வந்தாள். என் கையில் புத்தகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எதிரே உட்கார்ந்தாள். அத்திமரம் வரும் இடம்வரை வந்தாயா என்று கேட்டாள். கிளைக்கு ஒரு பழமாக ஒரு வாழ்க்கை தொங்குகிறது: கணவன் குழந்தைகள் ஒன்று, கவிஞர் ஒன்று, பேராசிரியர் ஒன்று. ஒன்றை எடுத்தால் மற்றவை போய்விடும் என்று எதையும் பறிக்காமல் எஸ்தர் பட்டினி கிடக்கிறாள். பழமெல்லாம் சுருங்கிக் கறுத்து விழுகின்றன. கயலின் வகுப்பில் பாதிப் பேர் இதை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். "ஆனால் அடுத்து அவள் போய் வயிறு நிறையச் சாப்பிடுகிறாள் அம்மா. சாப்பிட்டதும், அந்த மரம் வந்ததே வெறும் வயிற்றால்தானோ என்று நினைக்கிறாள். அதை யாரும் ஒட்டுவதில்லை" என்றாள். ஐந்து வாரத்தில் அவள் ஒரே மூச்சில் பேசியது அவ்வளவுதான், எனக்கு அது போதும்போல் இருந்தது.

பிறகு முதல் அத்தியாயத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். பென்சிலால் மூன்று முறை கோடு போட்டிருந்தது. அந்தப் பத்திரிகை கொடுத்த பரிசுப் பொருள்களை வெகுகாலம் ஒளித்து வைத்திருந்ததையும், பிறகு சரியான பின் வெளியே எடுத்ததையும் எஸ்தர் சொல்கிறாள். போன வாரம்கூடக் கறுப்புக் கண்ணாடி வைக்கும் உறையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் நட்சத்திர மீனை வெட்டிக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்தாளாம். ஒரே வரி. போகிறபோக்கில் வந்து போகிறது, நான் கவனிக்கவே இல்லை. அவள் பிழைத்துவிட்டாள், அவளுக்கு ஒரு குழந்தைகூட இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறாள். கடைசிப் பக்கத்திலோ டாக்டர்கள் கூடியிருக்கும் அறைக்குள் அவள் நுழைவதோடு சரி. இப்போது புரிகிறதா ஏன் உன் குறுக்கு வழி பலிக்காது என்று?

எனக்கு அந்த நட்சத்திர மீனைப் பார்த்துச் சந்தோஷப்பட முழு மனம் வரவில்லை. எழுதியவர் நாவல் வெளிவந்து நான்கு வாரத்தில், பிப்ரவரி 11 அன்று, இரண்டு சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது எனக்கும் தெரியும், கயலுக்கும் தெரியும். ஜாடி மறுபடி இறங்காது என்று எப்படி நம்புவது என்று எஸ்தரே கேட்கிறாள். அதனால் கயலிடம் கேட்டுவிட்டேன். சாக வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதா என்று நேருக்கு நேராக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வெகுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுதியில் தோன்றியது. அதனால்தான் கிளம்பி வந்துவிட்டேன்" என்றாள். என் பெண் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள என் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். நான் அவளைத் தலைக்குக் குளிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாளே மனநல டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் பத்து நிமிடத்தில் நான்கு மாத்திரை எழுதினார், அவள் முகத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. மாத்திரை கொடுக்கிறேன், நிறுத்தவில்லை. ஆனால் அவரிடம் அவள் வாயே திறக்கவில்லை. நாவலிலும் முதல் டாக்டர் அப்படித்தான். சரியாகச் செய்யாத மின் அதிர்ச்சி சிகிச்சையால் அவளைக் குலைத்துவிடுகிறார். அதே சிகிச்சையைப் பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் டாக்டர் நோலன் என்ற அம்மாள் கூடவே இருந்து செய்விக்கிறார், ஜாடி மேலே எழும்புகிறது. நோலனின் ஆஸ்பத்திரி வசதியும் அனுபவமும் இருக்கட்டும். சிகிச்சை இருப்பவர்களுக்குத்தான் அங்கே காலை உணவு வராது. ஒரு நாள் தன் தட்டு வராததைப் பார்த்து எஸ்தர் ஏமாற்றப்பட்டதாகக் குமுறும்போது, அவர் வந்து அணைத்துக்கொண்டு, நானே சொல்லத்தான் இருந்தேன், நானே கூட வருகிறேன் என்கிறார். கண் விழிக்கும்போது அங்கே இருப்பேன் என்று சொல்லி, இருக்கவும் இருக்கிறார்.

உனக்கும் ஓர் டாக்டர் அம்மாள் வைத்தியம் பார்த்தார் என்று உன் அம்மா ஒரு நாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடமும் தெரியாததுபோல் இருந்தேன். அவர் இன்னும் பார்க்கிறாரா? இல்லையென்றால் அவரைப்போல் யாரை நீ நம்புவாய்? செலவைப் பற்றி யோசிக்காதே, தூரத்தைப் பற்றியும் யோசிக்காதே.

இன்னொன்று. உன்னைப் பற்றி கயலிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், திட்டு. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வத்சலா சித்தியா? நம்ம வத்சலா சித்தியா?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, "அவர் முதலில் எந்த நாள் தலை வாரிக்கொண்டார், உனக்குத் தெரியுமா?" என்றாள். நான் அந்த நான்கு மாதமும் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை, எனக்கு எப்படித் தெரியும்?

பத்து மணிக்கு மேல் அவள் விழித்துத்தான் இருப்பாள். அவளைக் கூப்பிட்டு நீயே சொல். நான் அறைக்கு வெளியே இருக்கிறேன்.

உன்,
மங்கை