311 அல்ல, 211

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓகஸ்ட் கடைசியில் தங்கள் பத்திரிகையில் கிரிக்கெட் துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் ஒரு சிறுவனின் படம் வந்திருந்தது. இங்கிலாந்தின் கவுண்டி அணியில் ஆடும் தமிழ்ச் சிறுவன், இந்தப் பருவத்தில் 311 ஓட்டங்கள், நாளைய இங்கிலாந்து வீரன் என்றெல்லாம் கீழே எழுதியிருந்தீர்கள். அந்தச் சிறுவன் என் மகன். செய்தியை அனுப்பியது நாங்கள் அல்ல, கனடாவில் இருக்கும் என் கணவரின் சித்தப்பா. பாசத்தில் செய்தார், அவரோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த அணியின் ஸ்கோரர் நான். பருவம் முழுக்க ஒவ்வொரு பந்தையும் என் கையால் எழுதியவள். அவன் எடுத்தது 211. எங்கேயோ ஒரு நூறு கூடிவிட்டது.

எண் மட்டும் பிழை என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

கவுண்டி அணி என்றதும் ஊரில் இருப்பவர்கள் இங்கிலாந்து அணிக்கு அடுத்த படி என்று நினைத்துவிடுகிறார்கள். கவுண்டி என்பது இங்கே மாவட்டம் மாதிரி. முதல்தரக் கிரிக்கெட் ஆடும் கவுண்டிகள் 18 இருக்கின்றன. பத்து, பதினொரு வயதிலிருந்தே வயதுவாரியாக அவற்றுக்கு அணிகள் உண்டு. என் மகன் ஆடியது 13 வயதுக்குட்பட்டோர் அணியில். அவர்கள் போடும் பந்துகூடப் பெரியவர்களுடையதைவிடச் சின்னது, நாலேமுக்கால் அவுன்ஸ். அதற்கு மேலே 14, 15 என்று ஒவ்வொரு வயதாகத் தாண்டி, அப்புறம் அகாடமி, அப்புறம் இரண்டாவது அணி, அதற்கும் பிறகுதான் தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் கவுண்டி. இங்கிலாந்து அதற்கும் அப்பால். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் திரும்பத் தெரிவு நடக்கும். போன வருடம் இருந்தவனுக்கு இந்த வருடமும் இடம் உண்டு என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

நான் ஸ்கோரர் ஆனது தற்செயல். என் கணவருக்குச் சனி ஞாயிறுதான் வேலை கூட. ஆகவே காரோட்டுவது என் பங்கு. முதல் மட்சில் யாராவது ஸ்கோர் எழுத வர முடியுமா என்று பயிற்சியாளர் கேட்டார். பெற்றோர் எல்லோரும் திடீரென்று தங்கள் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் கை தூக்கினேன்.

எனக்கு எழுதத் தெரியும். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். யாழ்ப்பாணத்தில் போரினால் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து நாங்கள் தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்த காலம். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. அப்பா சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதிப்பார், டைனமோவில் ரேடியோ பாடும். மிதி தளர்ந்தால் வர்ணனையும் தளரும். எனக்குப் பதினொரு வயது. அவுஸ்திரேலியா 241, இலங்கை மூன்று விக்கெட்டுக்கு 245, அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அத்தனையையும் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். ஓட்டம் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஓவர் முழுக்கப் புள்ளி என்றால் ஆறையும் இணைத்து எம் என்ற எழுத்து. அதிலே ஒரு விக்கெட் விழுந்திருந்தால் அதையே தலைகீழாகப் போடு, டபிள்யூ வரும் என்று மிதித்தபடியே அப்பா சொல்லித் தந்தார். இருபத்தொன்பது வருடம் கழித்து ஒரு ஆங்கிலேயத் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து அப்படி ஒரு எம் போட்டபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதிரணி ஸ்கோரர் அவர். நடுவர் கை காட்டினால் நாங்கள் கை தூக்கிப் பதில் சொல்ல வேண்டும், ஓவருக்கு ஓவர் இரண்டு புத்தகங்களும் ஒத்துப்போக வேண்டும். இப்போது ரப்லெற்றிலும் பதிய வேண்டும். எனக்குப் பேனா போதும். பந்துவீச்சாளருக்கு ஒரு நிறம் என்று எட்டு நிறத்தில் பேனா வைத்திருக்கிறேன்.

பருவத்தைப் பற்றிச் சொன்னால், 14 மட்ச். வென்றது 6, தோற்றது 7. பிரிட்டனில் பதிவான கோடைகளிலேயே அதிக வெப்பமானது இந்த 2025 கோடை. அதிலும் ஒன்று மழையால் போனது, இது இங்கிலாந்து அல்லவா. ஜூலையில் மைதானங்கள் எல்லாம் வறண்டு எங்கள் ஊர்த் தரவை போலவே கிடந்தன. பந்து தட்டினால் எல்லைக்கு ஓடியது. பிள்ளைகளுக்கு வழக்கத்தைவிட அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு. லோர்ட்ஸில் இங்கிலாந்து, இந்தியா டெஸ்ட். சென்னைப் பெடியன் வாஷிங்டன் சுந்தர் 22 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட், நான்கும் ஸ்டம்பில். நாங்கள் அன்று வேறொரு மைதானத்தில் இருந்தோம். யாரோ ஒருவருடைய வானொலியில் செய்தி வர, அவரைப் போலவே ஓஃப் ஸ்பின் என்ற சுழல்பந்து போடுகிற என் மகனுக்குக் கை பரபரத்தது, தனக்கும் பந்து தா என்று தலைவரை நச்சரித்தான். கடைசியில் ஒரே ஒரு ஓவர் கிடைத்தது. 14 ஓட்டங்கள். நான்தான் எழுதினேன்.

அவனுடைய அதிகூடிய ஓட்டம் 41, ஓகஸ்ட் கிரிக்கெட் விழா வாரத்தில். 168 துரத்திக்கொண்டிருந்தோம். மறுமுனையில் நின்றவன் வா என்று கூப்பிட்டுவிட்டு, பாதி வந்ததும் திரும்பிப் போய்விட்டான். என் மகன் நடு ஆடுகளத்தில் நின்றான். ரன் அவுட் 41 என்று எழுதினேன். பிழை யாருடையது என்று எழுதப் புத்தகத்தில் கட்டம் இல்லை. 19 ஓட்டத்தால் தோற்றோம். கூப்பிட்டவனும் என் மகனும் மாலையில் ஒரே பொதியில் சிப்ஸ் சாப்பிட்டார்கள். நான்தான் காரில் மூன்று மணித்தியாலம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

தங்கள் பத்திரிகையில் படம் வந்தது அதற்கு அடுத்த வாரம்தான். செப்டெம்பர் கடைசியில் மின்னஞ்சல் வந்தது, அடுத்த வருட அணியில் இடமில்லை என்று. நான்கு வரி. யாரும் அநியாயம் செய்யவில்லை, அவனைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், என் புத்தகமே அதற்குச் சாட்சி. நேரே கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது மட்டும்தான் எனக்கு. அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனான். சரி, சமாளித்துவிடுவான் என்று நினைத்தேன்.

சமாளிக்க விடாதது அந்தப் படம்தான். டொரோண்டோவிலிருந்து, சூரிச்சிலிருந்து, கொழும்பிலிருந்து அழைப்பு. கோயிலில் முன்பின் தெரியாத ஒரு ஐயா, எப்போது தம்பி இங்கிலாந்துக்கு ஆடப்போகிறார் என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தான் கழிக்கப்பட்ட கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு கிழமையாகக் கோயிலுக்கே வர மறுக்கிறான். இங்கே சின்னக் கழகங்கள்கூடப் பிள்ளையைப் படமெடுக்கப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகின்றன. நீங்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வயதில் எதையும் சொல்ல முடியாது, ஆசிரியரே. மதராஸில் பிறந்த நாசர் உசேனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தந்தை இல்ஃபோர்டில் கிரிக்கெட் பள்ளி நடத்தினார். எட்டு வயதில் எசெக்ஸ் 11 வயதுக்குட்பட்டோர் அணி, பன்னிரண்டில் 15 வயதுக்குட்பட்டோர் அணி, எல்லாம் லெக் ஸ்பின்னராக. பிறகு ஒரு குளிர்காலத்தில் ஓரடி வளர்ந்துவிட்டார். பந்து எங்கே விழும் என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. துடுப்பாட்டக்காரராக மாறி 96 டெஸ்ட் ஆடினார், இங்கிலாந்துக்குத் தலைவரும் ஆனார். பன்னிரண்டு வயதில் அவரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தால் எதிர்காலச் சுழல்பந்து மன்னன் என்றுதான் தலைப்பு வந்திருக்கும்.

இன்னொன்று. இங்கே வயதுப் பிரிவு செப்டெம்பர் முதலாம் திகதியில் தொடங்குகிறது. செப்டெம்பரில் பிறந்தவனும் அடுத்த ஓகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணி. எங்கள் அணியில் ஒருவன் என் கணவர் உயரம், ஒருவன் என் தோளுக்கும் எட்டமாட்டான். பெரியவன் அடித்தால் ஆறு, சின்னவன் அதே அடி அடித்தால் எல்லையில் பிடி. ஸ்கோர் புத்தகத்தில் பிறந்த மாதத்துக்கும் கட்டம் இல்லை.

எங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பயனுள்ளதை எழுதுங்கள். தெரிவுக்கு எப்படி விண்ணப்பிப்பது, குளிர்காலப் பயிற்சி எங்கே நடக்கிறது, என்ன செலவாகும் என்று எழுதுங்கள். கட்டணம், உடுப்பு, பெற்றோல், விழா வாரத்துக்கு அறை எல்லாம் சேர எங்களுக்கு ஆயிரம் பவுண்ஸைத் தாண்டியது. இதைத் தெரியாமல் தெரிவுக்குப் போய், இடம் கிடைத்த பிறகு விழிக்கிற தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. 2023இல் கிரிக்கெட்டில் சமத்துவம் பற்றி ஆராய்ந்த, சிண்டி பட்ஸ் தலைமையிலான ஆணைக்குழு, இந்தக் கவுண்டிப் பயிற்சி பிள்ளைகளுக்கு இலவசமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது எந்தெந்தக் கவுண்டியில் நடந்திருக்கிறது என்று தங்கள் நிருபர் ஒருவர் விசாரித்து எழுதினால், நான் வெட்டி எடுத்து எங்கள் கழகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன்.

மகன் வெள்ளிக்கிழமைகளில் மறுபடி கழகத்து வலைப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். அடுத்த கோடையிலும் கழகத்துக்கு ஸ்கோர் எழுத வாருங்கள் என்று என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

திருத்தம் போட இடமிருந்தால், படமும் பெயரும் இல்லாமல் இப்படிப் போடுங்கள்: 12 இன்னிங்ஸ், 211 ஓட்டங்கள், அதிகூடியது 41, விக்கெட்டுகள் 9. சராசரியை நான் கணக்கிடவில்லை. அது அவனுக்குத் தசமத்தோடு தெரியும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கோரர் அம்மா,
லண்டன்