பூட்டிய வணிக மாளிகையைத் திறந்துவிடுங்கள்: நகரமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரமன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பழைய வணிக மாளிகையின் கதவில் சென்ற வாரம் ஒட்டப்பட்ட அறிவிப்பு, கட்டடம் ‘பயன்பாட்டுக்கு உகந்ததல்ல’ என்றும் ‘மாற்றுத் திட்டம் பரிசீலனையில் உள்ளது’ என்றும் கூறுகிறது. கடைகள் காலியானதும், அதைச் சமுதாயக் கூடமாக்கத் தீர்மானம் நிறைவேறியதும், அத்தீர்மானம் கோப்போடு உறங்கிவிட்டதும் தாங்கள் அறிந்தவையே. எனவே கோரிக்கைக்கு நேராக வருகிறேன்: மாற்றுத் திட்டம் என்பது இடிக்கும் யோசனையானால் அதைக் கைவிட்டு, கீழ்த்தளத்தையாவது மக்களுக்குத் திறந்துவிடுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் சிலர் மாலை வேளைகளில் அம்மாளிகையின் வெளித் தாழ்வாரத்தில் கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தெருவிளக்கு வெளிச்சத்தில் கணக்குச் சொல்லித் தருகிறார். சாரல் அடித்தால் நோட்டுகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். அவர்கள் சாய்ந்து நிற்கும் கதவுக்கு அந்தப் பக்கம், பகலில் விளக்கே தேவைப்படாத உயர்ந்த சாளரங்களோடு ஒரு பெரிய கூடம் சும்மா கிடக்கிறது. அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காவலாளி அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டார். அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை, உத்தரவு அவருடையதல்லவே.

கட்டடத்தின் வயதைக் காரணம் காட்டுவதும் நியாயமன்று. கூரையின் வடிகுழாய் அடைத்துக்கொண்டதால் மழைநீர் தேங்கிச் சுவருக்குள் இறங்குகிறது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. பராமரிப்பு என்ற பெயரில் அதன்மேல் சிமென்ட் பூசியதால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் பொடிப்பொடியாக உதிர்கிறது. விரலால் தட்டினாலே பூச்சு பொள்ளலாக ஒலிக்கும். குழாயைச் சுத்தம் செய்யாமல் விட்டவர்களே இப்போது கட்டடத்துக்கு உறுதியில்லை என்று சான்று தருகிறார்கள்.

நினைவுச் சின்னங்களைச் சமூகத்துக்குப் பயன்படும் வகையில் புழங்குவதே அவற்றைக் காக்க உதவும் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்லிவிட்டது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் கைத்தறித் துணி விற்பதற்காக 1779இல் கட்டிய பீஸ் ஹால், சீரமைப்புக்குப் பிறகு 2017இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அதன் நடுமுற்றம் மக்கள் கூடும் பொதுச் சதுக்கமாக இருக்கிறது. பாரிஸிலோ லே ஆல் சந்தையின் இரும்புக் கூடங்களை 1971இல் இடிக்கத் தொடங்கினார்கள். அங்கே எழுப்பிய நிலத்தடி வணிக வளாகம் 1979இல் திறக்கப்பட்டது. அதையும் பின்னர் பெருஞ்செலவில் மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. தாங்கள் எந்த வழியைப் பின்பற்ற எண்ணுகிறீர்கள் என்பதை அறிவிப்பில் குறிப்பிட மறந்துவிட்டீர்கள் போலும்.

‘முழு நிதியும் வரட்டும்’ என்ற பதில் எங்களுக்குப் பழகிவிட்டது. நிதி வரும்வரை பூட்டியே கிடக்கும் கட்டடத்தில் ஒழுக்கை யார் கவனிப்பார்கள்? அன்றாடம் ஆள் புழங்கும் இடத்தில்தான் ஓடு நழுவியதும் அன்றே தெரியவரும். மாதிரிப் படங்களுக்கும் தொடக்க விழா மேடைகளுக்கும் பணத் தட்டுப்பாடு வந்ததாக நினைவில்லை. ‘பாரம்பரியம் காப்போம்’ என்ற பதாகையை அதே மாளிகையின் சுதை வேலைப்பாட்டில் ஆணி அறைந்து மாட்டிய ஊக்கத்தைப் பாராட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

பொறுத்தருள்க, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். வடிகுழாயை மழைக்கு முன் சரிசெய்யுங்கள். சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்து, அறிக்கையை மக்கள் பார்வைக்கு வையுங்கள். அவர் பாதுகாப்பானது என்று குறிக்கும் பகுதியை, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், கழிப்பறை, மின்விளக்கு ஆகியவற்றோடு மாலை வேளைகளிலாவது திறந்துவிடுங்கள். மேல்தளம் பிறகு ஆகட்டும். அதுவரை தாழ்வாரத்தில் படிக்கும் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம் என்று காவலாளிக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் நன்றியுடையவர்களாவோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
கடைவீதிக் குடியிருப்பாளர் ஒருவர்